பூச்சி உலகம் கண்ட ஃபாபர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

கதவு நிலையின் மூலையிலும் கூரை உத்திரத்திலும் மண்ணைக் குழைத்து வந்து கூடு கட்டும் குளவியை அறியாதார் நம்மில் யார்? வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, அதைக் கலைக்க விடமாட்டார்கள் நம் பாட்டிமார். எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கி வந்து அடைத்து, கொட்டிக் கொட்டி அதையே குளவியாக மாற்றிவிடுகிறது என்ற நம்பிக்கையும் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆசானின் பெருமையைச் சொல்ல நம் முன்னோர் இதனை உவமையாகவே எடுத்தாண்டனர். உவமை அழகானதுதான். ஆனால் அந்த மண்கூட்டுக்குள் உண்மையில் நடப்பது என்ன? இக்கேள்விக்கு விடை காண்பதற்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாதையோரத்தில் குப்புறப் படுத்துக் கழித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெரிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் அல்லர்; சம்பளம் போதாமல் திண்டாடிய ஒரு பள்ளியாசிரியர். ழான் ஆன்ரி ஃபாபர் என்பது அவர் பெயர்.

பிரான்சு நாட்டின் தெற்கே, அவேரோன் மாவட்டத்தில், சேன் லெயோன் என்னும் மலைச் சிற்றூரில் 1823-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் அவர் பிறந்தார். வீட்டில் வறுமை. உண்ணும் வாய் ஒன்று குறையட்டும் என்று குழந்தையை மலவால் என்னும் குக்கிராமத்திலிருந்த பாட்டன் பாட்டியிடம் அனுப்பி வைத்தனர். அந்தப் பாட்டனார் தம் வாழ்நாளில் ஒரு புத்தகத்தைத் திறந்தவரல்லர். ஆடு மாடுகளே அவர் உலகம். அங்கேதான் பையனின் முதல் ஆராய்ச்சி நடந்தது. சூரியனை நாம் பார்ப்பது கண்ணாலா, வாயாலா என்ற ஐயம் அவனுக்கு. கண்ணை மூடி வாயைத் திறந்தான், சூரியன் மறைந்தது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தான், சூரியன் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மாலையில் வீட்டாரிடம் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பிறர் சொல்லக் கேட்டு ஏற்காமல் தானே சோதித்துத் தெளிகின்ற பழக்கம் அந்த ஐந்தாறு வயதிலேயே வந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏழு வயதில் சொந்த ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினான். பள்ளி என்றால் ஓர் அறை. அதுவே ஆசிரியருக்குச் சமையலறை, அதுவே படுக்கையறை. பாடம் நடக்கும்போதே பன்றிக்குட்டிகளும் கோழிக்குஞ்சுகளும் உள்ளே வந்துபோகும். ஆசிரியர் அந்த ஊரின் நாவிதருங்கூட. கோயில் மணியடிப்பவரும் அவரே. அங்கே ஏறாத எழுத்து, தகப்பனார் சில காசுக்கு வாங்கி வந்த விலங்குப் படத்தாளைப் பார்த்ததும் மளமளவென்று ஏறியது. வாத்து மேய்க்க அனுப்பினால் குளத்தங்கரையில் வண்டையும் வண்ணக் கல்லையும் பொறுக்கிச் சட்டைப்பை கிழியக் கொண்டு வருவான். பெற்றோர் திட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நாளைச் சோற்றுக்கு வழி தெரியாத வீட்டில் வண்டு பிடித்து விளையாடும் பிள்ளையைக் கொஞ்சவா தோன்றும்?

தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றுண்டிச் சாலை வைத்தார், எங்கும் நிலைக்கவில்லை. குடும்பம் சிதறியது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. போக்கேர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இரயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். சாப்பாட்டுக்கென வைத்திருந்த காசுக்கு ஒரு கவிதை நூலை வாங்கிவிட்டுப் பட்டினியோடு நடந்த நாளும் உண்டு. இந்நிலையில் அவிஞோன் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் உதவித்தொகைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். அந்த உதவித்தொகை கிடைத்திராவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது. உதவித்தொகையால் படிப்பவர்கள் நம் கல்லூரியிலும் பலர். எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளாகிய நானும் அவர்களில் ஒருவன்.

1842-இல் கார்ப்பந்த்ரா என்னும் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். ஆண்டுக்கு 700 பிராங்கு சம்பளம். நில அளவை கற்பிக்க மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் செல்வார். ஒரு நாள் அளவுக்கோலைப் போட்டுவிட்டுப் பையன்கள் கூழாங்கற்களைப் புரட்டுவதும், கல்லில் ஒட்டியிருந்த மண்கட்டியைக் குத்தி வைக்கோல் துரும்பால் எதையோ உறிஞ்சுவதுமாக இருந்தார்கள். தேன்! கருநிறத் தேனீ ஒன்று மண்ணால் கட்டிய கூடு அது. ஆசிரியரும் கூட உட்கார்ந்து உறிஞ்சினார். ஆனால் அவருக்குத் தேன் இனித்ததைவிட, இது எந்தத் தேனீ, இதற்கு என்ன பெயர், இதைப்பற்றி யாரேனும் எழுதியிருக்கிறார்களா என்ற கேள்வி உறுத்தியது. ஊர்ப் புத்தகக் கடையில் கணுக்காலிகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்று இருந்தது. அதன் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார்! அந்த மாதம் அடுப்பு எப்படி எரிந்ததோ தெரியவில்லை. வரி விடாமல் அதனைப் படித்து முடித்தார். அந்தக் கொத்தனார்த் தேனீயின் பெயர் கிடைத்தது. கூடவே ரெயோமூர், ஹூபர், லெயோன் டுஃபூர் முதலிய பூச்சியறிஞர்களின் பெயர்களும் கிடைத்தன.

நம் விலங்கியல் மாணவர்கள் பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, பெயர்ச்சீட்டு ஒட்டிப் பெட்டியில் அடுக்கி, மதிப்பெண் பெற்றவுடன் மறந்துவிடுவதை நாம் அறிவோம். பெயர் வேண்டாம் என்று ஃபாபர் ஒருநாளும் சொன்னதில்லை. பெயர் தெரிந்தால்தான் பிறர் எழுதியதைத் தேடிப் படிக்க முடியும். மாதச் சம்பளத்தைக் கொடுத்து அவர் வாங்கியது அதைத்தான். பிற்காலத்தில் தம்மிடம் பிடிபட்ட குளவிகளையும் தேனீக்களையும் பொர்தோ நகரப் பேராசிரியர் பெரேஸ் என்பாருக்கு அனுப்பிப் பெயர் கேட்டறிந்தார். இத்தனை அரிய வகைகளை எப்படிப் பிடிக்கிறீர்கள், தனி உத்தி ஏதும் உண்டா என்று அந்தப் பேராசிரியரே வியந்து கேட்டாராம். ஆனால் பிறர் முடித்த இடத்தில் இவர் தொடங்கினார். பெயர்ச்சீட்டு எழுதிய பிறகுதான் அந்தப் பூச்சி என்ன செய்கிறது என்று பார்க்க உட்காருவார்.

ஆசிரியராக இருந்துகொண்டே, எந்தக் கல்லூரி வகுப்பிலும் உட்காராமல், கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டங்கள் பெற்றார். 1849-இல் கோர்சிக்காத் தீவின் அஜாக்சியோ நகரில் இயற்பியல் ஆசிரியராகச் சென்றார். அங்கே வந்த மோக்கேன் தாந்தோன் என்னும் பேராசிரியர், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, தையல் கத்தரியையும் ஊசிகளையும் கொண்டே நத்தையை அறுத்து உள்ளுறுப்புகளைக் காட்டினார். உயிரியலில் ஃபாபர் பெற்ற செய்முறைப் பயிற்சி வகுப்பு அந்த ஒன்றுதான் எனலாம். கணிதத்தை விட்டு உயிரியலுக்கு மனம் திரும்பியதும் அப்போதே.

1853-இல் அவிஞோன் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். மறு ஆண்டுக் குளிர்காலத்தில் லெயோன் டுஃபூர் எழுதிய சிறு ஆய்வுரை ஒன்று கைக்குக் கிட்டியது. செர்செரிஸ் என்னும் குளவி தன் வளையில் பொன்வண்டுகளைச் சேமித்து வைக்கிறது. அவை பல நாளானாலும் அழுகுவதில்லை. குளவியின் நஞ்சு அவற்றைக் கொன்று, கெடாமலும் காக்கிறது என்று அவர் கருதினார். ஃபாபருக்கு ஐயம். அதே இனத்தைச் சேர்ந்த, மூக்குவண்டுகளைப் பிடிக்கும் வேறொரு குளவியைத் தேடிச் சென்று, வளையைத் தோண்டி வண்டுகளை எடுத்து வந்தார். பென்சீன் ஆவியைக் காட்டினார், மின்சாரம் பாய்ச்சினார். செத்ததாகக் கருதப்பட்ட வண்டுகளின் கால்கள் அசைந்தன! அவை சாகவில்லை, செயலிழந்து கிடந்தன. காலை இயக்கும் நரம்பு மையம் இருக்கும் இடத்தருகே பார்த்துக் குளவி கொட்டுகிறது என்பதை அவர் நேரிலும் கண்டார். புழுவுக்குக் கெடாத இறைச்சி வேண்டும். ஓடாத இரை வேண்டும். இரண்டும் ஒரு கொட்டில் முடிகின்றன. 1855-இல் வெளியான இந்த ஆய்வுக்கு மறு ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகம் பரிசு வழங்கியது. 1859-இல் வெளிவந்த தம் பெருநூலின் பிற்காலப் பதிப்பில் டார்வினே அவரை ஒப்பற்ற உற்றுநோக்காளர் என்று பாராட்டியிருந்தார்.

இப்போது நம் வீட்டுக் குளவிக்கு வருவோம். சுவரில் உருளை உருளையாக அறைகள் அடுக்கி மேலே மண் பூசியிருந்தால், அது ஸ்கெலிஃப்ரான் இனம். ஃபாபர் காலத்தில் இதற்குப் பெலோபியஸ் என்று பெயர். இதில் நம் நாட்டு வகை ஒன்றுக்கு 1781-இல் ஃபாப்ரிசியுஸ் என்னும் டேனிய அறிஞர் நம் சென்னைப் பட்டினத்தின் பெயரையே இட்டார் (ஃபாப்ரிசியுஸ் வேறு, ஃபாபர் வேறு, தேர்வில் குழம்பாதிருப்போமாக). இதன் அறைக்குள் இருப்பவை சிலந்திகள். சிறு பானைபோல் கழுத்தும் வாயும் வைத்துக் கட்டியிருந்தால் அது யூமெனிஸ் என்னும் குயவர் குளவி. அதனுள்தான் பச்சைப் புழுக்கள் இருக்கும். நம் முன்னோர் கண்ட புழு இதுவாகவே இருக்க வேண்டும். அந்தப் புழு குளவியாக மாறுவதில்லை. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்கு உணவாகிறது. புழுக்கள் அரைகுறையாக நெளிந்துகொண்டிருப்பதால் முட்டை நசுங்கிவிடாதா? கூட்டின் பக்கத்தில் மெல்லத் துளையிட்டுப் பார்த்த ஃபாபர், மெல்லிய நூலொன்றில் கூரையிலிருந்து முட்டை தொங்குவதைக் கண்டார். தொட்டில் கட்டியிருக்கிறது குளவி!

பூச்சியின் இந்தத் திறமை அறிவா, பிறவிப் பழக்கமா என்று சோதிக்கவும் அவருக்கு வீட்டுச் சுவரே போதியதாயிற்று. பெலோபியஸ் சிலந்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும் அதை முட்டையோடு எடுத்துவிட்டார். குளவி மறுபடி கொண்டுவந்தது, மறுபடி எடுத்தார். இரண்டு நாளில் இருபது சிலந்திகள்! கடைசியில் அந்த வெற்றறையை மண்ணால் மூடி முத்திரையிட்டுவிட்டுக் குளவி போய்விட்டது. இன்னொரு முறை கூட்டையே பெயர்த்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூடு இருந்த வெறுஞ்சுவரில் குளவி விடாமல் மண் பூசிக்கொண்டிருந்தது. ஊசிமுனை அளவு நரம்பு மையத்தை அறிந்து கொட்டுவதும் அதே இனம். இல்லாத கூட்டுக்குப் பூச்சு வேலை செய்வதும் அதே இனம். எனக்கு அவருடைய சோதனைகளிலேயே மிகவும் பிடித்தவை இவ்விரண்டுந்தான். செலவு ஒரு காசும் இல்லை.

ஆனால் அவிஞோன் வாழ்க்கை இனிமையாக இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியராக வேண்டும் என்பது அவர் கனவு. கல்வி மேலாளர் ஒருவர் அவரிடம், அந்தப் பதவிக்கு வருகிறவருக்குச் சொந்தச் சொத்து இருக்க வேண்டும், அந்தச் சம்பளத்தில் அந்த மதிப்போடு வாழ முடியாது என்று நட்பாகவே சொன்னார். சரி, சொத்தைத் தேடுவோம் என்று புறப்பட்டார் ஃபாபர். அப்பகுதியில் பயிரான, மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த சாயவேரிலிருந்து தூய சிவப்புச் சாயத்தைப் பிரிக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டு வெற்றியும் கண்டார். தொழிற்சாலை தொடங்கும் தறுவாயில், 1868-இல், ஜெர்மன் வேதியலார் அதே அலிசரின் சாயத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டனர். சாயவேர்ப் பயிரே அழிந்தது. ஃபாபரின் கனவும் அதோடு போயிற்று.

இடையில் 1865-இல் லூயி பாஸ்டர் அவரைக் காண வந்தார். பட்டுப்புழு நோயை ஒழிக்க அரசு அனுப்பிய அந்த மேதை, ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து உள்ளே ஏதோ இருக்கிறதே என்றாராம். கூட்டுப்புழு என்பது என்ன என்று ஃபாபர்தான் சொல்லிக்கொடுத்தார். இதனைப் பிற்காலத்தில் எழுதும்போது அவர் ஏளனம் செய்யவில்லை. ஒன்றும் தெரியாமல் வந்தவர் நோயை வென்று காட்டினாரே என்று வியக்கவே செய்தார். பிறகு பாஸ்டர், உங்கள் திராட்சைமது நிலவறையைக் காட்டுங்கள் என்றார். ஃபாபர் சமையலறை மூலையில் ஓட்டை நாற்காலிமேல் இருந்த ஒரே ஒரு சாடியைக் காட்டினார்.

கல்வி அமைச்சர் டூரூய் சாயம் படிந்த கையோடு நின்ற ஃபாபரை ஆய்வுக்கூடத்திலேயே கண்டு மதித்தார். 1868-இல் பாரிசுக்கு அழைத்து விருதளித்து, பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடமும் அறிமுகப்படுத்தினார். டூரூயின் திட்டப்படி அவிஞோனில் மாலை வகுப்புகளை ஃபாபர் நடத்தினார். பெண்களும் வந்து கேட்டனர். பூக்களில் மகரந்தச் சேர்க்கை எப்படி நிகழ்கிறது என்பதை அவர்களுக்கு விளக்கினார். அவ்வளவுதான், புயல் கிளம்பியது. கன்னிப் பெண்களுக்குச் சொல்லத்தக்கதா இது என்று சமயவாதிகள் எதிர்த்தனர். அதற்குள் டூரூயும் பதவியில் இல்லை. 1870-இல் வேலை போயிற்று. வீட்டுக்காரச் சகோதரிகள் இருவரும் உடனே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டனர். பதினேழு ஆண்டுகள் அதே பள்ளியில் உழைத்தவர் மனைவி மக்களோடு தெருவில் நின்றார். இன்று நம் தாவரவியல் வகுப்பில் மாணவியர் முன்வரிசையில் அமர்ந்து படிக்கும் அதே பாடத்துக்கு அவர் கொடுத்த விலை அது!

அப்போது கைகொடுத்தவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். மனைவியின் கல்லறை அவிஞோனில் இருந்ததால் அவர் அங்கே வாழ்ந்து வந்தார்; செடி சேகரிப்பதில் ஃபாபரின் தோழர். எழுத்து மூலமான உறுதி எதுவும் கேளாமல் 3,000 பிராங்கு கடனாகக் கொடுத்தார். ஃபாபர் அதை முழுதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒராஞ்சு நகருக்கருகே குடியேறி, பள்ளிப் பாடநூல்களும் அறிவியல் நூல்களும் எழுதியே பிழைத்தார். காலையில் தொடங்கி இரவு வரை எழுத்து. கைக்குட்டை அளவே உள்ள ஒரு சிறு மேசை. அதன்மேல்தான் அத்தனை நூல்களும் பிறந்தன.

1877-இல் அவருடைய மகன் ழூல் இறந்தான். வயது பதினாறு. தந்தையோடு புதரெல்லாம் அலைந்து பூச்சி தேடியவன். செடியிலும் பூச்சியிலும் தந்தையின் கண் அவனுக்கு இருந்தது. ஃபாபர் படுத்தவர் எழமாட்டார் என்றே எண்ணும்படி நோயுற்றார். எழுந்தபின், தமக்குப் புதியனவாகத் தோன்றிய மூன்று குளவிகளுக்கு மகனின் பெயரைச் சூட்டினார். 1879-இல் முதல் தொகுதி வெளிவந்தபோது அந்நூலும் மகனுக்கே உரியதாயிற்று. பூச்சிக்குப் பெயரிடுவது வெறும் இலத்தீன் சடங்கு என்று நினைத்திருந்த எனக்கு, இந்த இடத்தைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

அதே ஆண்டில் செரிஞான் என்னும் சிற்றூரில் இரண்டரை ஏக்கர் தரிசு நிலத்தை வீட்டோடு வாங்கினார். கல்லும் முள்ளுமான நிலம். உழவர் எவரும் விரும்பாதது. அர்மாஸ் என்றால் அவ்வூர் மொழியில் தரிசு. முட்செடி பூத்தால் குளவியும் தேனீயும் வரும் என்பதால் ஃபாபருக்கு அதுவே சொர்க்கம். கருவிகள் என்ன? மண் நிரப்பிய பூந்தொட்டிகள், மேலே கவிழ்க்கச் சமையலறைக் கம்பிவலை மூடிகள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. முன்பு ஒருமுறை காலையிலிருந்து மாலைவரை பாதையோரத்தில் குளவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரை, திராட்சை பறிக்கப் போய்த் திரும்பிய பெண்கள் பித்தன் என்று எண்ணிச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு போனார்களாம். சொந்த நிலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கு நடந்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் மலர் முழுதும் எனக்கே தேவைப்படும். பைன்மரக் கம்பளிப்புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னது விட்ட நூலைப் பற்றிச் செல்வன. 1896 சனவரி இறுதியில் ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் அவை ஏறியபோது வரிசையின் தலையும் வாலும் சேருமாறு வட்டமாக்கிவிட்டார். ஏழு நாட்கள், 335 சுற்றுகள், 450 மீட்டருக்கும் மேல் சுற்றிச் சுற்றி நடந்தன. ஒரு மே மாத இரவில், கூட்டிலிருந்து வெளிவந்து வலைக்குள் இருந்த ஒரே ஒரு பெண் அந்துப்பூச்சியைத் தேடி, நாற்பதுபோல் ஆண் பூச்சிகள் இருட்டில் வீட்டுக்குள் புகுந்தன. கண்ணால் காணாத தூரத்திலிருந்து அவற்றை இழுத்தது எது? மணம்போன்ற ஏதோ ஒன்று என்பதை நெருங்கினார். இன்று அதைப் பெரோமோன் என்கிறோம். பயிர்ப் பூச்சிகளைக் கவர்ந்து பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் நம் வயல்களிலும் தொங்குகின்றன.

அவர் தவறியதும் உண்டு. மரத்தடியில் திருவிழா வெடிக்குழாய்களை வெடிக்கச் செய்தும் மேலேயிருந்த சில்வண்டுகள் பாட்டை நிறுத்தாததால், அவற்றுக்குக் காது கேளாது என்று நினைத்தார். சில்வண்டுக்குச் செவிப்பறை உண்டென்று பின்னர் தெளிவாயிற்று. பரிணாமக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவேயில்லை. ஆனாலும் கொத்தனார்த் தேனீ எப்படித் தன் கூட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறது என்றறிய, பெட்டியில் வைத்துச் சுழற்றித் திசை குழப்பிப் பாருங்கள் என்று டார்வின் கடிதத்தில் யோசனை கூறியபோது, மறுப்பின்றி அப்படியே செய்து பார்த்தார். சுழற்றிய பிறகும் தேனீக்கள் பல வீடு திரும்பின. முடிவைக் கடிதமாக எழுத எண்ணியிருந்தார். 1882-இல் டார்வின் மறைந்துவிட்டார். கருத்தால் எதிரெதிராக நின்ற இருவர் ஒரு தேனீயை நடுவில் வைத்து இப்படிப் பேசிக்கொண்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பத்துத் தொகுதிகள் எழுதி முடிப்பதற்கு முப்பதாண்டுக்காலம் ஆயிற்று. விற்பனை சொற்பம். பாடநூல் வருவாயும் நின்றது. முதல் மனைவி மறைந்து, இரண்டாம் மணத்தில் பிறந்த சிறு குழந்தைகளோடு முதியவர் திண்டாடினார். 1910-இல் நண்பர்கள் கூடி விழா எடுத்த பிறகே பிரான்சு அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் வறுமை செய்தித்தாளில் வந்ததும் முன்பின் அறியாதவர்களிடமிருந்து பணம் குவிந்தது. அனுப்பியவர்களுக்கே அதைத் திருப்பி அனுப்பினார். 1913-இல் குடியரசுத் தலைவர் புவான்கரே செரிஞானுக்கே வந்து அவரைக் கண்டு சென்றார். அதற்குள் கண் மங்கிவிட்டது, காலும் தளர்ந்துவிட்டது. நாற்காலியில் அமர்த்தி அவரைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்வார்கள்.

1915-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், முதல் உலகப் போரின் நடுவில், தம் தொண்ணூற்றொன்றாம் வயதில் ஃபாபர் காலமானார். 1922-இல் அரசு அந்தத் தரிசு நிலத்தை வாங்கிப் பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்த்தது. அவருடைய வேலையறையும் உலர்செடித் தொகுப்பும் அங்கே காட்சிக்கு உள்ளன. அவர் நூலைச் சப்பான் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிள்ளைகளைவிட மிகுதியாகப் படிக்கிறார்களாம்.